நிப்பாட்டியது யார்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

இலக்கணம் என்றாலே காத தூரம் ஓடுகிறவர்களில் நானும் ஒருத்தி. பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று ஐயா கரும்பலகையில் எழுதியபோது அதை ஒரு கணக்குச் சூத்திரம் போலத்தான் மனத்தில் இருத்திக்கொண்டேன். எழுவாயோடு 'ஆல்' சேர். செயப்படுபொருளிலுள்ள 'ஐ' உருபை எடு. வினையோடு 'படு' என்பதைக் கூட்டு. "மாணவன் பாடத்தைப் படித்தான்" என்பது "மாணவனால் பாடம் படிக்கப்பட்டது" என்று மாறிவிடும். இரண்டு மதிப்பெண் கிடைத்துவிடும். இப்படி யாராவது வீட்டில் பேசுகிறார்களா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

கல்லூரிக்கு வந்த பிறகு அதே பாடம் ஆங்கிலத்தில் வந்தது. யாரோ என் சைக்கிளைத் திருடிவிட்டார்கள் என்னும் பொருளில் ஒரு வாக்கியம். நான் சூத்திரம் தவறாமல் மாற்றி, கடைசியில் 'பை சம்படி' என்று 'யாரோ'வையும் மறக்காமல் சேர்த்திருந்தேன். எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் அம்மா அவர்கள் அந்த இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "செய்தவர் யார் என்று தெரியாதபோது விட்டுவிடலாம். தெரிந்தும் சொல்ல விருப்பமில்லாதபோதும் விட்டுவிடலாம்" என்றார்கள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மா அவர்கள் சொன்னதன் இரண்டாம் பாதி சில மாதங்கள் கழித்து ஒரு கடிதமாக எங்கள் வீட்டுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். வீட்டில் பகலெல்லாம் இருப்பது அப்பத்தாதான். அப்பத்தாவுக்கு அரசாங்கத்தின் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2023-ஆம் ஆண்டில் 1,200 ஆக உயர்ந்த தொகை அது. கைரேகை எந்திரத்தோடு ஒரு அக்கா தெருவுக்கு வருவார். அப்பத்தா விரலை அழுத்திப் பணத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொள்வாள். அதில் வெற்றிலைக்கும் மாத்திரைக்கும் போக மீதி என் பேருந்துச் செலவில் சேரும். இதை நான் வெட்கமில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு மாதம் பணம் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் உரக்கப் படித்தேன். நடத்தப்பட்ட கள ஆய்வின்போது பயனாளி காணப்படவில்லை என்று அறிக்கை பெறப்பட்டதன் அடிப்படையில் தங்களது உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளது. இவ்வளவுதான் கடிதம்.

அப்பத்தா சிறிது நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். பிறகு, "ஆருத்தா நிப்பாட்டுனது?" என்றாள்.

"நிறுத்தப்பட்டுள்ளதுன்னு போட்டிருக்கு அப்பத்தா."

"அதான், ஆரு?"

கடிதத்தை மறுபடியும் படித்தேன். யார் என்று இல்லை.

"என்னையக் காணலைன்னு சொன்னானே, அவன் ஆரு?"

அதுவும் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தில் நான்கு 'படு' இருந்தது. ஒருவர் ஆய்வு நடத்தினார். ஒருவர் காணவில்லை. ஒருவர் அறிக்கையைப் பெற்றார். ஒருவர் நிறுத்தினார். நான்கு பேரும் ஒருவரா, நான்கு பேரா? இரண்டு மதிப்பெண்ணுக்காக நான் மனப்பாடம் செய்த சூத்திரத்துக்குள் நான்கு ஆட்கள் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு கணக்குப் பார்த்ததில் விவரம் புரிந்தது. ஆடி அமாவாசையன்று யாரோ ஊருக்குள் வந்து போயிருக்கிறார். அன்று எங்கள் தெருவில் பாதிப் பேர் சுருளித் தீர்த்தத்தில் இருந்தோம். தாத்தாவுக்குத் திதி கொடுக்க அப்பத்தாவும் போயிருந்தாள். ஆடி அமாவாசையில் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு வாசலில் ஆளைத் தேடினால் யாரைக் காண முடியும்?

அம்மாவால் ஒரு நாள் கூலியை விட முடியாது. ஆகவே நான் அப்பத்தாவை அழைத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனேன். அது எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். சன்னலுக்கு அந்தப்புறம் இருந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "மேல இருந்து நிறுத்தியிருக்காங்கம்மா" என்றார். பக்கத்து அறைக்குப் போனோம். அங்கிருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, சிஸ்டத்துல நின்னுருச்சு" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு அந்த மூன்று சொற்களும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன. நிறுத்தப்பட்டது. நிறுத்தியிருக்காங்க. நின்னுருச்சு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கடிதத்தில் இருந்தது செயப்பாட்டுவினை. சன்னலில் கேட்டது செய்வினை. ஆனால் எழுவாய் வெளியே தலைகாட்டவில்லை. 'ஆங்க' என்னும் விகுதிக்குள் பெயரில்லாத ஒரு கூட்டம் மட்டும் இருந்தது. கணினி அறையில் கேட்டது தன்வினை. மழை நின்றது, வண்டி நின்றது என்பது போல உதவித்தொகையும் தானாகவே நின்றுவிட்டது!

நம் பேச்சுத் தமிழில் 'படு' போட்ட செயப்பாட்டுவினை மிக அரிது. மறைக்க வேண்டியதை நாம் வேறு வழிகளில் மறைத்துக்கொள்கிறோம். "கடையச் சாத்திட்டாங்க" என்போம். "சொல்லியாச்சு, முடிச்சாச்சு" என்போம். சொன்னது யார், முடித்தது யார் என்று அந்த 'ஆச்சு' சொல்லாது. என் உறவினர் ஒருவர் போன பொங்கலுக்கு வந்தபோது, "பிள்ளையப் படிக்க வச்சாச்சு, இனிக் கட்டிக் குடுக்க வேண்டியதுதான்" என்றார். படிக்க வைத்தவர் அடுப்படியில் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. படிக்கிறவளிடம் கேட்கவேண்டும் என்பதும் அதில் இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்களிடம் போனேன். மனு எழுத உதவி கேட்கத்தான் போனேன். ஐயா அவர்களோ கடிதத்தைப் படித்துவிட்டு நன்னூலை எடுத்துவிட்டார்கள். ஒரு வினை என்றால் அதில் ஆறு பொருள் அடங்கியிருக்கும் என்கிறாராம் நன்னூலார்: செயல், அதைச் செய்கிறவன், செய்யப்படும் பொருள், கருவி, இடம், காலம். குயவன் பானை வனைந்தான் என்றால் மண்ணும் சக்கரமும் வனைந்த இடமும் நேரமும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். "இப்போது உன் கடிதத்தைப் பார்" என்றார்கள். பார்த்தேன். செயல், நிறுத்துதல். செய்பொருள், உதவித்தொகை. காலத்துக்குத் தேதி முத்திரை. இடத்துக்கு அலுவலக முத்திரை. கருவிக்குக் கணினி அச்சு. ஆறில் ஐந்து இருந்தது. செய்தவர் மட்டும் இல்லை.

தொல்காப்பியர் காலத்திலேயே இதற்கு இடமுண்டு என்றும் ஐயா அவர்கள் சொன்னார்கள். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கம்தான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவது, திண்ணை மெழுகிற்று என்பதாம். திண்ணை எங்கே மெழுகும்? மெழுகியவள் ஒருத்தி இருந்திருப்பாள். எங்கள் வீட்டில் ஜீப்பு வருவதற்கு முன்னால் வாசல் தெளித்து முடிந்திருக்கும். நான் எழுந்து பார்க்கும்போது கோலம் 'போட்டிருக்கும்'. நானும் அப்படித்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திராவிட மொழிகளை ஒப்பிட்டு 1856-ஆம் ஆண்டில் நூல் எழுதிய கால்டுவெல், இம்மொழிகளுக்கு இயல்பான செயப்பாட்டுவினை இல்லை, 'படு' என்னும் துணைவினையைக் கொண்டு அதை ஒப்பேற்றிக்கொள்கின்றன என்னும் கருத்தைச் சொன்னாராம். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஏனென்றால் 'படு' என்ற சொல் அப்பத்தாவின் வாயிலும் வரும். பாடுபட்டேன், கஷ்டப்பட்டேன், அடிபட்டேன், அவமானப்பட்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வரும். அங்கெல்லாம் பட்டவள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அதே சொல் கடிதத்துக்குள் போனதும் பட்டவளையும் காணோம், படுத்தியவரையும் காணோம்.

அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் எல்லாரும் தொடக்கப் பள்ளியிலேயே எழுதியிருப்போம்: "முல்லைப் பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது." யாரால் என்று கேட்டால் ஊரே சேர்ந்து சொல்லும், பென்னிகுயிக் கட்டினார் என்று. லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு திறந்த மணிமண்டபத்துக்கு நானும் பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். சனவரி 15-ஆம் நாள் அவர் பிறந்த நாளுக்குப் பொங்கல் வைக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. மேற்கே ஓடிக் கடலில் சேர்ந்துகொண்டிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவருக்கு அந்த நன்றி தகும். ஆனால் இதுவும் இலக்கணப்படி செய்வினைதான்; இதிலும் ஆட்கள் மறைகிறார்கள். 1887 முதல் எட்டு ஆண்டுகள் அந்தக் காட்டில் கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். காய்ச்சலிலும் கழிச்சலிலும் அங்கேயே மாண்டவர்கள் பலர். அப்பத்தாவின் பாட்டனாருடைய அண்ணன் ஒருவர் அப்படிக் கல் சுமக்கப் போனவராம். "போனவரு திரும்பல" என்பதுதான் எங்கள் வீட்டில் இருக்கும் முழு வரலாறும். 'ஆல்' உருபோடு ஒரு பெயர்தான் சேரும். மற்றவர்களுக்கு அந்த வாக்கியத்தில் இடம் இல்லை. ஆகவே செயப்பாட்டுவினை பொய் சொல்லும், செய்வினை மெய் சொல்லும் என்று நான் வாதிட வரவில்லை.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும்.

வேதியியல் ஆய்வகப் பதிவேட்டை நாம் எப்படி எழுதுகிறோம்? "20 மி.லி. கரைசல் பிப்பெட்டால் எடுக்கப்பட்டது. நிறங்காட்டி சேர்க்கப்பட்டது. நிற மாற்றம் குறித்துக்கொள்ளப்பட்டது." நான் எடுத்தேன், நான் சேர்த்தேன் என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். காரணம் கேட்டேன். யார் செய்தாலும் அதே விடை வரவேண்டும், அதுதான் அறிவியல், ஆகவே செய்தவர் முக்கியமில்லை என்று விளக்கினார்கள். நியாயமான காரணம். அமிலத்துக்கு நான் யார் என்பது தெரியாது.

போன பருவத்தில் ஒரு நாள், தரம்பார்த்தல் முடிந்து கழுவும்போது என் கையிலிருந்த பியூரெட் தொட்டியின் விளிம்பில் மோதி அடிப்பகுதி போய்விட்டது. அருகில் யாரும் இல்லை. அதைத் தாங்கியில் பழையபடி மாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்கள். "அது உடைஞ்சுபோயிருச்சு மேடம்" என்று சொன்ன குரல் என்னுடையதுதான். உடைஞ்சுபோயிருச்சு! 'உடைத்தேன்' என்பதில் இருக்கும் வல்லின 'த்த்' என் வாயில் வரவில்லை. மெல்லினத்தில் நழுவிவிட்டேன். தமிழில் அது எவ்வளவு சுலபம் பாருங்கள், உடைந்தது, உடைத்தது. ஓர் எழுத்து மாறினால் ஆள் மறைந்துவிடுகிறார். தண்டத்தொகையை எங்கள் குழுவிலிருந்த ஆறு பேரும் பங்கிட்டுக் கட்டினோம். அதில் ஒருத்தி காலையில் பூக்கட்டிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவள்.

இந்தக் 'கை நழுவல்' பற்றிப் பின்னால் ஆங்கிலப் பேராசிரியர் அம்மா அவர்களோடு பேச நேர்ந்தபோது அவர்கள் ஸ்பானிய மொழியைப் பற்றிச் சொன்னார்கள். அந்த மொழியிலும் ஆங்கிலத்தைப் போல முறையான செயப்பாட்டுவினை உண்டு. ஆனால் பேச்சில் அதை அதிகம் புழங்குவதில்லை. 'சே' என்று ஒரு சிறு சொல்லை வினைக்கு முன்னால் வைத்து வேலையை முடித்துக்கொள்வார்கள். வீடுகள் விற்பனைக்கு என்று பலகை வைக்கவேண்டுமானால் "சே வெண்டென் காசாஸ்". விற்கிறவர் யார் என்ற பேச்சே இல்லை. வினைமுற்றுகூட வீடுகளுக்கு இசைந்து பன்மையில் நிற்குமாம். கண்ணாடிக் குவளை கை தவறி உடைந்தால் "சே மே ரொம்பியோ எல் வாசோ" என்பார்களாம். 'மே' என்றால் எனக்கு. குவளை எனக்கு உடைந்துவிட்டது, அதாவது அந்தத் துன்பம் எனக்கு நேர்ந்துவிட்டது என்ற பொருள். அதைக் கேட்டதும் "நம்ம ஊர்ல கை தவறிருச்சுன்னு சொல்ற மாதிரி" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். கை தவறியது, நான் தவறவில்லை.

2011-ஆம் ஆண்டில் கேட்லின் ஃபாசி, லேரா பொரொடிட்ஸ்கி என்னும் இரண்டு ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவர் பலூனை வேண்டுமென்றே உடைப்பது, தெரியாமல் உடைப்பது போன்ற சிறு சிறு படக்காட்சிகளை ஆங்கிலம் பேசுவோருக்கும் ஸ்பானியம் பேசுவோருக்கும் காட்டினார்கள். வேண்டுமென்றே செய்ததை இரு சாராரும் ஒன்றுபோலவே நினைவில் வைத்திருந்தார்கள். தவறுதலாக நடந்ததில்தான் வேறுபாடு. அங்கேயும் 'இவர் உடைத்தார்' என்றே சொல்லிப் பழகிய ஆங்கிலக்காரர்கள், செய்தவர் யார் என்பதை ஸ்பானியர்களைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்களாம்.

இதைக் கேட்டபோது ஸ்பானியர்கள்மேல் எனக்குக் குறை தோன்றவில்லை. தவறுதலாக நடந்ததற்கு ஆளைத் தேடாமல் விடுவது ஒரு பெருந்தன்மை. விருந்தாளி நாலு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் "மாவு தீர்ந்துபோச்சு" என்றுதானே அம்மா சொல்வார்? "நீங்க தின்னுட்டீங்க" என்றா சொல்வார்? அந்தப் பெருந்தன்மையைப் பிறருக்குக் காட்டவேண்டிய இடத்தில் நான் எனக்கே காட்டிக்கொண்டதுதான் பிசகு. அந்த வாரமே ஆய்வகத்துக்குப் போய், "நான்தான் மேடம் உடைச்சேன்" என்று சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. "சரி, போ" என்றார்கள். ஐந்து பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இரண்டு தவணையில். பூக்கட்டுகிறவள் முதலில் வாங்க மறுத்தாள், பிறகு வாங்கிக்கொண்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆய்வகப் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். 'உடைந்தவை: பியூரெட் - 1' என்று முன்பு எழுதியபடியே இருந்தது.

அப்பத்தாவின் மனுவுக்கு வருகிறேன். முதல் படியை நானே எழுதிப் பெருமையோடு படித்துக் காட்டினேன். 'எனது உதவித்தொகை நிறுத்தப்பட்டுள்ளதால் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளேன். எனவே அது மீண்டும் வழங்கப்படுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அப்பத்தா, "கேக்குறது ஆரு?" என்றாள்.

"நீதான் அப்பத்தா."

"நான் கேக்குறேன்னு எங்கத்தா இருக்கு?"

இல்லைதான். கேட்கிறவளையும் நான் துடைத்திருந்தேன். அவர்கள் பாஷையில் எழுதினால்தான் அவர்களுக்குப் புரியும் என்று நினைத்துவிட்டேன் போலும். வேறு தாள் எடுத்து, அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். 'நான் ஆடி அமாவாசைக்குச் சுருளிக்குப் போயிருந்தேன். அன்றைக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வீட்டில்தான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். அன்று என் வீட்டுக்கு வந்தவர் யார்? என்னைக் காணவில்லை என்று எழுதியவர் யார்? பக்கத்து வீட்டில் கேட்டாரா? என் பணத்தை நிறுத்தியவர் யார்? நான் கேட்கிறேன்.' கீழே கைரேகை வைத்தாள். தமிழ்ப் பேராசிரியர் ஐயா அவர்கள் ஒரு சந்திப்பிழையைத் திருத்தியதைத் தவிர வேறெதிலும் கை வைக்கவில்லை.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று வாரத்துக்குப் பின் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது. அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை ஆரு என்று கேட்கவில்லை. செய்தி வந்த நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

இக்கட்டுரை அச்சுக்குப் போகும் நாள்வரை பணம் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை மறுபடியும் போகவேண்டும். எனக்குக் காலையில் செய்முறைத் தேர்வு இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ பரிச்சையப் பாரு. நான் ஒத்தையாப் போறேன்" என்று சேலையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

"போய் என்ன கேப்ப அப்பத்தா?"

"என்னையக் காணலைன்னு எழுதுனவன நான் காணணும்னு கேப்பேன்."